அம்சவள்ளியின் ஆரை வயல்

தா.பழூர் ரோட்டிலிருந்து வாய்க்கால் கரையில் இறங்கி நடந்தால் வலது கைப்பக்கம் வரிசையாக வயல்கள். எல்லா வயலிலும் நெல் நின்றது, ஒன்றில் மட்டும் ஆரை நின்றது. நெல்லும் இருந்தது, இல்லையென்று சொல்லக்கூடாது. ஆனால் குனிந்து தேடினால்தான் தெரியும். அந்த மூன்று மா நிலம், ஏக்கர் கணக்கில் ஒன்று, அம்சவள்ளியுடையது. கார்த்திகை பிறந்த அந்த வாரத்தில் அவ்வழியே போன யாரும் அந்த வயலைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லாமல் போகவில்லை.

கீரைக்காரியிடம் கட்டு வாங்குகிறவர்களுக்கு இந்த ஆரைதான் ஆராக்கீரை. நூல் போல ஒரு தண்டு, அதன் உச்சியில் நாலு இலை. பொழுது சாய்ந்தால் நாலையும் மடக்கிக்கொள்ளும். ஏரியோரத்திலும் வாய்க்காலோரத்திலும் இருக்கிற வரைக்கும் அதைப் போலச் சாதுவான செடி கிடையாது. வயலுக்குள் வந்துவிட்டாலோ அதைப் போல அடங்காப்பிடாரியும் கிடையாது. பிடித்து இழுத்தால் இலையும் தண்டும்தான் கையோடு வரும். கொடி சேற்றுக்குள்ளேயே கிடக்கும். அறுந்த துண்டு ஒவ்வொன்றும் தனித்தனியாக வேர் விட்டு, நாலாம் நாள் மறுபடியும் தலையைக் காட்டும்.

இதில் கூத்து என்னவென்றால், அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே பேர்போன களையெடுப்புக்காரி அம்சவள்ளிதான். அவள் போன வரிசையைத் திரும்பிப் பார்த்தால் நெல்லைத் தவிர வேறு பச்சை இருக்காது. சேர்ந்து கூலிக்குப் போகிற பெண்களின் செட்டுக்குத் தலைவி பாப்பாத்தி. அவளிடம் களைக்கு நாள் குறிக்க வருகிறவர்கள், "வள்ளி வருவால்ல?" என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் மற்றதைப் பேசுவார்கள். அப்படிப்பட்டவள் வயலில் ஆரை. ஊர் சும்மா இருக்குமா?

அந்த நிலம் வந்ததே பெரிய காரியம். அவள் புருஷன் செல்லமுத்து அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டி, இடுப்பு விட்டுப்போய் வீட்டோடு வந்தவன். மகன் கலைச்செல்வன் ரெட்டிபாளையத்துப் பக்கம் சிமெண்ட் ஆலையில் வேலை செய்கிறான். அப்பன் லாரியில் சேர்த்தது, மகன் ஆலையில் சேர்த்தது, இவள் களையெடுத்துச் சேர்த்தது எல்லாம் ஒன்றாகி, நிலக்காரர் குருநாதன் வீட்டு நிலத்தில் மூன்று மா இவர்கள் பேருக்கு வந்தது. அம்சவள்ளியும் அவள் அம்மாவும் காலமெல்லாம் குனிந்து கிடந்த அதே நிலம். அவர்கள் தெருவில் நஞ்சை வாங்கிய முதல் வீடு இவர்களுடையதுதான். பத்திரம் முடிந்த அன்று அம்சவள்ளி வயல் பக்கமே போகவில்லை. நாலு பேர் பார்ப்பார்களே என்று வெட்கம். வீட்டில் நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்து, தெருவில் இருந்த பிள்ளைகளுக்கெல்லாம் ஊற்றினாள். அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த பெருமையை ஊரே பார்த்தது.

ஆரை வந்தது செல்லமுத்துவால். கோடையில் ஏரியில் வண்டல் எடுத்துக்கொள்ளலாம் என்று சர்க்காரில் சொன்னதும், முதல் வெள்ளாமையாச்சே, நிலத்துக்கு நல்லதாகப் போடலாம் என்று டிராக்டர் பிடித்தான். டிராக்டர்காரன் நடு ஏரிவரை போகச் சோம்பல்பட்டுக் கரையோரத்திலேயே வெட்டி வெட்டிக் கொண்டுவந்து கொட்டினான். கருகருவென்று மண். அம்சவள்ளி உட்கார்ந்து கட்டியை உடைத்தபோது உள்ளே மிளகைத் தட்டையாக்கின மாதிரி, கல் போலக் கடினமாக என்னவோ கிடந்தது.

"ஆட்டுப் புழுக்க காஞ்சு கெடக்கு போல" என்றாள்.

"அதுவும் ஒரந்தான், போடு" என்றான் அவன்.

அது ஆரைக்காய். ஆரை பூக்காது. பூக்காமலே காய்க்கிற சாதி அது. அறுப்பு முடிந்து தண்ணீர் வற்றி, சேறு வெடிக்கிற சமயத்தில் தண்டின் அடியில் காய் வைக்கும். மேல்தோல் அவ்வளவு கெட்டி. ஏரி வருஷக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் அந்தக் காய்க்கு ஒன்றும் ஆகாது. உழவில் அடிபட்டுத் தோல் கீறி, தண்ணீரும் பட்டால் போதும், உயிர் வந்துவிடும். இளசிலேயே பிடுங்கி எறிகிறவளுக்கு அதன் காய் எப்படித் தெரியும்? ஆரை காய்க்கிற சமயத்தில் அம்சவள்ளி கடலைக் கொல்லையில் இருப்பாள். ஏரிக்குள் ஆடு மேய்க்கிற இருசம்மாள்தான் பிறகு விஷயத்தைச் சொன்னாள். சொன்ன இடம் ரேஷன் கடை. அவளும் செட்டுக்காரிதான். ஆனால் நாக்கு கொஞ்சம் நீளம்.

"காசு குடுத்து டிராக்டர் வச்சு ஆர வெதச்சது இந்த ஜில்லாவுலயே நம்ம வள்ளி ஒருத்திதான்" என்றாள். வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அம்சவள்ளியும் சிரித்துவிட்டுத்தான் வந்தாள். வீட்டுக்கு வந்து அரிசிப் பையைக் கீழே வைத்ததும் அழுதாள்.

அன்றிலிருந்து புருஷனும் பெண்டாட்டியுமாகக் களையெடுத்தார்கள். அவனால் அரை மணி நேரத்துக்கு மேல் குனிய முடியாது. இவள் விடியற்காலைப் பனியில் இறங்கினால் பொழுது சாயும்வரை ஏறமாட்டாள். மேலண்டை வரப்பில் தொடங்கிக் கீழண்டை வரப்புக்குப் போய்ச் சேருவதற்குள், தொடங்கின இடத்தில் மறுபடியும் நாலு இலை நிற்கும். செட்டாக இறங்கி ஒரே மூச்சில் வாரினால்தான் ஆரை அடங்கும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் செட்டைக் கூப்பிடவில்லை.

பிடுங்கியதை வீணாக்குவானேன் என்று காலையில் ஆராக்கீரைக் கடைசல், மத்தியானம் பருப்பு போட்ட ஆராக்கீரை, மிஞ்சினால் துவையல். சர்க்கரைக்கு நல்லது, தூக்கத்துக்கு நல்லது என்று சொல்லிச் சொல்லிப் பரிமாறினாள்.

"தூக்கத்துக்கு நல்லதுதான் புள்ள" என்றான் செல்லமுத்து. "மூணு நாளா சோத்தப் பாத்தாலே கண்ணு சொக்குது."

ஞாயிற்றுக்கிழமை கலைச்செல்வன் வந்தான். வண்டியை நிறுத்தும்போதே கையில் ஒரு பாட்டில்.

"யம்மா, கடக்காரருகிட்ட போட்டோ காமிச்சன். அகல எலைக் களைக்கு இதான் மருந்தாம். ரெண்டு டேங்க் அடிச்சா சுருண்டுருங்குறாரு."

அம்சவள்ளி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எடுத்துட்டுப் போயி குடுத்துரு."

"ஏன்?"

"என் வயல்ல மருந்தடிச்சா ரோட்டுல போறவங்க என்னா சொல்லுவாங்க?"

"என்னா சொல்லுவாங்க? ஊருல பாதிப் பேரு மருந்துதான் அடிக்கிறாங்க."

"அவங்க அடிக்கலாம். அவங்கள்லாம் களையெடுத்தா பொழைச்சாங்க?"

செல்லமுத்து இடையில் புகுந்தான். "யாரு என்னா சொன்னா நமக்கென்ன புள்ள? நெல்லுதான வேணும்."

"நெல்லு மட்டும் வேணும்னா கடையில வாங்கிக்கலாங்க. எதுக்கு நெலம் வாங்குனோம்?" என்றாள். பிறகு கொஞ்சம் தணிந்து, "இங்க அடிச்சா தண்ணி கீழ வாய்க்காலுக்குத்தான் எறங்கும். அங்க பொம்பளைங்க கீர பறிக்கிறாங்க. எவளாச்சும் பறிச்சுட்டுப் போயி கைப்புள்ளைக்கு மசிச்சுக் குடுத்துட்டான்னா? வேணாம்ப்பா" என்றாள்.

கலைச்செல்வன் பாட்டிலை வண்டிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"அப்ப ஆள வுடு. பாப்பாத்தி பெரியம்மாகிட்ட ஒரு வார்த்த சொன்னா செட்டோட வந்து ஒரே நாள்ல முடிச்சுருவாங்க. எடுத்தாத்தான மேலொரம் போட முடியும்? பயிரு மஞ்சப் பூத்துக் கெடக்கு. மழ வேற வருதுங்குறான். வயல்ல தண்ணி ஏறிட்டா அப்புறம் களையும் கெடையாது, ஒண்ணும் கெடையாது."

"பாக்குறன்."

"எப்ப பாப்ப? நடவுக்கே கூப்புட்டிருக்கணும். நாந்தான் அவசரப்பட்டு மெஷினப் புடிச்சிட்டன்."

"பாக்குறன்னு சொல்றன்ல."

அவள் குரல் ஏறியதும் மகன் அடங்கிவிட்டான். அவனுக்கு எப்படித் தெரியும், அம்மாவுக்குள் என்ன ஓடுகிறதென்று. பாப்பாத்தியோடும் இருசம்மாளோடும் ஒரே தூக்கில் கஞ்சி குடித்தவள் அவள். மழைக்கு ஒரே சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்றவள். அவர்களிடம் போய், என் வயலுக்குக் கூலிக்கு வாங்க என்று எந்த வாயால் சொல்வது? மூன்று மா வாங்கினதும் முதலாளியாகிவிட்டாள் என்றுதானே நினைப்பார்கள்? அதற்காகத்தான் நடவுக்கு மகன் மெஷின் பிடித்தபோதும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டாள்.

மறுநாள் காலை அவள் வயலில் நின்றபோது குருநாதன் வாய்க்கால் கரையில் மொபட்டை நிறுத்தினார். கெட்ட மனுஷன் இல்லை. விற்ற நிலத்தை ஒரு எட்டுப் பார்க்காமல் அவரால் போக முடியாது, அவ்வளவுதான்.

"என்னா வள்ளி, ஆளு வுடலியா?"

"வுடணுங்க."

"எங்ககிட்ட இருந்தப்ப இதுல களையே நிக்காது."

"நிக்காதுங்க. நாந்தான எடுத்தேன்."

குருநாதன் சிரித்துவிட்டார். "அதாஞ் சொல்றன். அப்ப நீ எடுத்த. இப்ப யாரு எடுக்குறது?"

அவர் காலை ஊன்றி மொபட்டைத் திருப்பினார்.

"நெலத்த வாங்குறது பெருசில்ல வள்ளி, வச்சு ஆளணும். செல்லமுத்துவுக்கும் இடுப்பு சரியில்ல. முடியலன்னா சொல்லு. எம் பங்காளி குத்தகைக்குக் கேட்டுட்டுருக்காரு. நெலம் ஒங்க பேருலதான் இருக்கும், யாரு இல்லேன்னா?"

"சொல்றேங்க" என்றாள்.

மொபட் சத்தம் தேய்கிற வரைக்கும் அப்படியே நின்றாள். குத்தகைக்கு விட்டால் என்ன ஆகும்? அவர் பங்காளி ஆள் விடுவார். செட்டு வரும். செட்டோடு இவளும் வந்து, தன் சொந்த நிலத்தில் இன்னொருத்தனுக்குக் களையெடுப்பாள். இவர்களுக்கெல்லாம் எதற்கு நிலம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே வராது, ஆரை சொல்லிவிடும்.

சாயங்காலம் குளித்துவிட்டு, ஒரு பை நிறைய ஆராக்கீரையை எடுத்துக்கொண்டு பாப்பாத்தி வீட்டுக்குப் போனாள். பாப்பாத்தி வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு விதைக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"வா" என்றாள். அந்த 'வா'வில் ஒன்றுமில்லை. வெளியூர்க்காரியிடம் சொல்கிற 'வா'.

"கீர கொண்டாந்தேன்க்கா."

"அங்க வையி. ஒன் வூட்டு ஆரையத் திங்காதவங்க இந்தத் தெருவுல யாரு இருக்கா? எங்கூட்டு ஆடே போதுங்குது."

அம்சவள்ளி பையை ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தாள். தானும் கடலையை எடுத்து உரித்தாள்.

"வயலு கெடக்குற கெடப்பு தெரியுமேக்கா."

"தெரியும்."

"மழ வருதுங்குறாங்க. ஒண்டியா எடுத்து மாளல. அதான்... நம்ம பொண்டுவ எல்லாம் ஒரு நாளைக்கி வந்து கொஞ்சம் ஒத்தாச பண்ணுனா... நான் பதிலுக்கு ஒங்க ஒங்க வேலைக்கு வந்துருவேன். கடல புடுங்க, சோளம் ஒடிக்க, எதுக்குன்னாலும்."

பாப்பாத்தியின் கை நின்றது.

"ஒத்தாசையா?"

"ஆமாக்கா."

"ஒத்தாசைக்கு யாரும் வரமாட்டாங்க. நீ எந்திரிச்சுப் போ."

அம்சவள்ளிக்கு முகம் சுண்டிவிட்டது. "ஏன்க்கா, நான் என்னா தப்பாக் கேட்டுட்டன்?"

"என்னா தப்பா? ஏண்டி, குருநாதன் களைக்கு வந்து ஒத்தாசன்னா கேப்பாரு? அவரு கொழுந்தியா வூட்ல கேப்பாங்களா? வெத்தல பாக்கு வச்சு, நாளைக்கி நம்ம வயல்ல களை, செட்டோட வந்துருங்கன்னு கூப்புடுவாங்க. நாங்க போவோம். ஒன் வயலுக்கு மட்டும் நாங்க எழவு வூட்டுக்கு வர்ற மாதிரி எரக்கப்பட்டு வரணுமா?"

"அப்புடிச் சொல்லாதக்கா. கூலின்னு சொல்ல எனக்கு வாயி வரல. நேத்து வரைக்கும் ஒங்ககூட குனிஞ்சவ நானு. இன்னைக்கி வந்து கூப்புட்டா, மூணு மா வந்ததும் மொதலாளியாயிட்டா பாருன்னு நெனப்பீங்களோன்னு..."

"நெனப்போம்" என்றாள் பாப்பாத்தி. "நெனைக்கத்தான் செய்வோம். மொதலாளிதான நீ? அத நாங்க ஒரு நாளு கண்ணால பாக்க வேணாமா?"

அம்சவள்ளி முறத்திலிருந்து இன்னொரு கடலையை எடுத்தாள்.

"எங்கம்மா காலத்துலேர்ந்து எவனோ ஒருத்தன் வந்து கூப்புடுவான், நாம போவோம். இந்த வருசம் நம்மள்ல ஒருத்தி வந்து கூப்புடுவான்னு ஆடியிலேர்ந்து காத்துக் கெடந்தோம்டி. யாரு மொத நாத்து நடுறதுன்னு எங்களுக்குள்ள சண்டையே வந்துருச்சு. நீ என்னடான்னா மெஷின எறக்குற. நாங்க வாய்க்கா கரையில நின்னு பாத்துட்டு வந்தோம். இருசம்மா அன்னைக்கிப் பூரா பச்சத் தண்ணி குடிக்கல, தெரியுமா?"

"இருசக்காவா? ரேஷன் கடையில அம்புட்டுப் பேச்சு பேசுச்சே."

"பேசாம? மனசு நொந்தவ பேசத்தான் செய்வா."

"மெஷின் கலைச்செல்வன் ஏற்பாடுக்கா."

"மவன் மேல போடாத. நீ வேணாம்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா அவன் வுட்டுருப்பான். நாங்க ஒன் வயலுக்கு ஆவாதவளுவ. எல்லா வயலுக்கும் ஆவுற கை, ஒன் வயலுக்கு ஆவாது. அப்புடித்தான நெனச்சோம்?"

அம்சவள்ளி கடலைத் தோலைக் கையில் வைத்து நொறுக்கிக்கொண்டே இருந்தாள். வெட்கமாக இருந்தது. ரொம்ப மரியாதை கொடுப்பதாக நினைத்துக்கொண்டு, கொடுக்க வேண்டிய மரியாதையைக் கொடுக்காமல் விட்டோமே என்று தன் மேலேயே கோபம் வந்தது. எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு நடந்தாள். பாப்பாத்தியும் கூப்பிடவில்லை.

கடைத்தெருவுக்குப் போய்க் கவுளி வெற்றிலை வாங்கினாள், கொட்டைப்பாக்கு வாங்கினாள், வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கினாள். வீட்டுக்கு வந்து தட்டைக் கழுவித் துடைத்து அடுக்கினாள். செல்லமுத்து, "யாருக்குப் புள்ள கல்யாணம்?" என்றான். "நம்ம வயலுக்கு" என்று சொல்லிவிட்டுப் பாப்பாத்தி வீட்டுக்கு வந்தாள்.

பாப்பாத்தி முறத்தை எடுத்து வைத்துவிட்டு, முகம் கழுவி, பாயைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். இருசம்மாளும் இன்னும் ரெண்டு பேரும் அங்கே வந்திருந்தார்கள். இவள் வருவாள் என்று பாப்பாத்தி ஆள் விட்டுச் சொல்லியனுப்பியிருக்கிறாள், கள்ளி.

அம்சவள்ளி தட்டைப் பாயில் வைத்தாள். வழிநெடுக மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்த வார்த்தைதான்.

"நாளைக்கி நம்ம வயல்ல களை. செட்டோட வந்துருங்க."

பாப்பாத்தி உடனே தட்டைத் தொடவில்லை. "நாளைக்கா? நாளைக்கி வேற எடத்துல கேட்டுருக்காங்களே" என்று இழுத்தாள்.

"அவங்களுக்கு மறுநா சொல்லிருங்க."

"என்னா களை?"

"ஆர."

"ஆரைன்னா இடுப்பு ஒடிஞ்சுரும். கூலி?"

"ஊருல என்னாவோ அது. ஒரு பைசா கொறைக்க மாட்டேன்."

"காலையில?"

"டீ, வட."

"எத்தன வட?" என்றாள் இருசம்மாள்.

"எத்தன வேணுமோ."

"சோறு?"

"சோறு, கருவாட்டுக் கொழம்பு."

"கீரை?"

"கீரை வைக்கல."

"அப்ப வரலாம்" என்றாள் இருசம்மாள். அதற்கு மேல் யாராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அம்சவள்ளி சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாப்பாத்தி வெற்றிலையை எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள்.

காலையில் மேகம் கூடியிருந்தது. முதல் பஸ் போகிற சத்தத்துக்கு முன்னாடியே செட்டு வந்துவிட்டது. ஆண்பிள்ளைச் சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வாய்க்கால் கரையில் வரிசையாக வந்தார்கள். அம்சவள்ளியும் சட்டை மாட்டியிருந்தாள். டீ குடித்து, வடை தின்று, பாப்பாத்தி கிழக்கே பார்த்துக் கும்பிட்டுவிட்டு வயலில் காலை வைத்தாள். மற்றவர்களும் இறங்கினார்கள். அம்சவள்ளி தன் வழக்கமான இடத்தில், பாப்பாத்திக்கு வலது கைப்பக்கம் இறங்கினாள்.

"நீ எங்க வர்ற?" என்றாள் பாப்பாத்தி.

"களைக்குத்தான்."

"ஏறு."

"என்னாக்கா..."

"ஏறுன்னா ஏறு. வயலுக்காரி வரப்புலதான் நிக்கணும். நாங்க குனியிறோம், நீ நின்னு பாரு. சட்டையக் கழட்டிரு."

"எனக்கு நிக்கத் தெரியாதுக்கா."

"கத்துக்க."

ஏறினாள். சட்டையைக் கழற்றி வரப்பில் வைத்தாள். கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கட்டிக்கொண்டு பார்த்தாள், இடுப்பில் வைத்துப் பார்த்தாள், இரண்டும் பொருந்தவில்லை. சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

குனிந்து கிடக்கிறவளுக்குத் தன் கையும் முன்னால் இருக்கிற சேறும்தான் தெரியும். வரப்பில் நின்று செட்டை அவள் பார்த்ததே இல்லை. விரலைச் சேற்றுக்குள் விட்டு, கொடியின் அடியைத் தொட்டு, அது எங்கே ஓடுகிறதோ அங்கே கூடவே ஓடி, அறுபடாமல் சுருட்டி எடுத்தார்கள். ஒருத்தி விட்ட நுனியைப் பக்கத்தில் இருக்கிறவள் பிடித்துக்கொண்டாள். ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை. வரிசை ஒரே கோடாக முன்னால் போக, பின்னால் நெல் மட்டும் நின்றது. அடேயப்பா, நாம் செய்கிற வேலை இவ்வளவு அழகா என்று அம்சவள்ளிக்குத் தோன்றியது. இத்தனை வருஷம் வரப்பில் நின்றவர்கள் இதைத்தான் பார்த்திருக்கிறார்கள். ஒரு நாளும் ஒருத்தரும் சொல்லவில்லை.

"இருசக்கா, ஒன் எடதுகைப் பக்கம் ஒண்ணு நிக்கிது" என்று வாயில் வந்துவிட்டது.

இருசம்மாள் நிமிராமலே, "பாத்தியா, ஏறி நின்ன ஒடனே மொதலாளிக்குக் கண்ணு தெரியுது" என்றாள். வயலே சிரித்தது. ஆனால் அந்த ஆரையை எடுத்துவிட்டுத்தான் நகர்ந்தாள்.

வாரிய ஆரையைக் கூடை கூடையாகச் சுமந்து செல்லமுத்து ரோட்டோரம் கொட்டினான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், மறுபடியும் எழுந்து வந்தான். பத்து மணிச் சோற்றுக்கு அப்புறம் குருநாதன் மொபட் வந்து நின்றது. அவர் பாதி வயலைப் பார்த்தார், செட்டைப் பார்த்தார், வரப்பில் நின்றவளைப் பார்த்தார்.

"பரவால்லையே வள்ளி."

"ஆமாங்க. நாளைக்கி மேலொரம் போட்டுருவோம். ஒங்க பங்காளிகிட்ட சொல்லிருங்க, குத்தகைக்கு இல்லன்னு."

"சொல்லிர்றன்." அவர் பாப்பாத்தி பக்கம் திரும்பினார். "நாளான்னைக்கி நம்ம வயலுக்கு வந்துருங்க பாப்பாத்தி. வள்ளி வருவால்ல?"

பாப்பாத்தி அம்சவள்ளியைப் பார்த்தாள்.

"வரேங்க" என்றாள் அம்சவள்ளி. "என் வயலு வேல இல்லாத நாள்ல வரேன்."

மத்தியானத்துக்கு மேல் மேகம் கருத்துக் காற்று குளிர்ந்தது. கடைசித் துண்டில் வரிசை கீழண்டை வரப்பை நெருங்கிவிட்டது. நெருங்கி, முடிந்தும்விட்டது. வயலில் ஆரை இல்லை. மஞ்சளாக இருந்தாலும் மூன்று மாவும் நெல்தான். அம்சவள்ளி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஆனால் செட்டு ஏறவில்லை. இல்லாத களையைத் தேடிக் குனிந்த வாக்கிலேயே கையால் சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தார்கள். முதல் தூறல் முதுகில் விழுந்தது. ஒருத்தியும் நிமிரவில்லை.

செல்லமுத்து கூடையோடு வந்தான். "முடிஞ்சு போச்சே, இன்னும் ஏன் ஏறல இவங்க?"

அம்சவள்ளிக்கு அப்போதுதான் உறைத்தது. களை முடிந்தாலும், பொழுது சாய்ந்தாலும், மழையே வந்தாலும் செட்டு தானாக ஏறாது. வரப்பில் நிற்கிற வயல்காரர் 'ஏறுங்க' என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்காக இடுப்பு கடுக்கக் கடுக்க எத்தனை சாயங்காலம் அவள் காதைத் தீட்டிக்கொண்டு குனிந்திருக்கிறாள். சிலர் வேண்டுமென்றே போனைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

"ஏறுங்க" என்றாள். அது அவள் காதுக்கே சரியாக விழவில்லை.

"கேக்கல" என்றாள் பாப்பாத்தி, குனிந்தபடியே.

"ஏறுங்கக்கா."

"அக்கா தங்கச்சியெல்லாம் வூட்டுல வச்சுக்க" என்றது இருசம்மாள் குரல். "எங்களுக்குக் கேக்கல."

அம்சவள்ளி தலைப்பைப் பிடித்திருந்த கையை விட்டாள். மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டாள். ரோட்டில் போகிறவர்களுக்கும், வாய்க்காலுக்கு அந்தண்டை வயல்காரர்களுக்கும் கேட்கிற மாதிரி, வயிற்றிலிருந்து குரல் எடுத்துச் சொன்னாள்.

"களை முடிஞ்சுது. எல்லாரும் ஏறுங்க."

வரிசையாக இருந்த முதுகுகள் ஒன்றாக நிமிர்ந்தன. மழை வலுத்தது. இருசம்மாள் சேற்றுக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, "இப்பக் கேட்டுது" என்று சொல்லி முதல் ஆளாக வரப்பில் கால் வைத்தாள்.